ஒளி சொல்லும் சாட்சி: இரத்தினக் கற்களை இனங்காணும் முறை

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இரத்தினக் கற்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் பணித்தார்கள். கற்களின் அழகைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவதற்கு நம்மில் தேர்ந்த வணிகர்கள் பலர் இருக்கின்றனர். ஆகவே நாம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கையில் இருக்கும் கல் இன்ன கல்தான் என்று எவ்வாறு உறுதியாகச் சொல்வது? அதற்கு அறிவியல் தந்துள்ள வழிகளுள் எளிமையானதும் கல்லுக்குச் சேதம் விளைவிக்காததுமாகிய வழி, கல்லினுள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து பார்ப்பதாகும். அந்த அளவு நமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இன்று சிந்திப்போம்.

நம்பிக்கையில் நடக்கும் வணிகம்

இரத்தின வணிகம் நமக்குப் புதியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து இலங்கையோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்தனர். இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கும் கற்கள் பேருவளைச் சீனன்கோட்டைச் சந்தையில் இன்றும் கைமாறுகின்றன. 1344ஆம் ஆண்டு அத்தீவுக்கு வந்த பயணி இப்னு பதூதா, அங்குள்ள கற்களில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் உண்டென்றும், நீல நிறக் கல்லை அங்குள்ளோர் 'நீலம்' என்று அழைக்கின்றனர் என்றும் எழுதி வைத்துள்ளார். நம் நாவில் வழங்கும் சொல்லே அந்த அரபுப் பயண நூலில் இடம்பெற்றுவிட்டது.

இவ்வணிகத்தின் தனித்தன்மை யாது? அரிசியை வாங்குபவர் ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம். துணியை வாங்குபவர் நூலை இழுத்துப் பார்க்கலாம். கல்லை வாங்குபவர் உடைத்துப் பார்க்க இயலாது. உரசிப் பார்த்தாலும் பட்டை கெட்டுவிடும். ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தந்ததைப் பெற்றுக்கொண்டு, தந்தவரின் சொல்லை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த தொகையை ஒரு சிறு கல்லில் போட்டுவிட்டு, மகளின் திருமண நேரத்தில் விற்கச் செல்லும்போது அது கண்ணாடி என்று கேட்க நேர்ந்தால், அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகும்? விற்றவரும் ஏமாற்ற எண்ணியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தாம் வாங்கியபோது சொல்லப்பட்டதையே அவரும் சொல்லியிருக்கலாம். அறியாமல் சொன்ன பொய்யும் வாங்கியவருக்கு அதே நட்டத்தைத்தான் தருகிறது.

சிலப்பதிகாரக் கதையை நாம் அனைவரும் அறிவோம். கோவலன் கையிலிருந்த சிலம்பின் உள்ளே இருந்தவை மாணிக்கப் பரல்கள். அரசியின் சிலம்பில் இருந்தவையோ முத்துகள். சிலம்பை உடைத்துப் பார்த்தவுடன் உண்மை வெளிப்பட்டது. ஆனால் அந்தச் சோதனை கோவலன் வெட்டுண்ட பின்னரே நடந்தது. ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல்லைச் சாட்சியாகக் கொண்டு, பொருளைச் சோதிக்காமல் தீர்ப்பளித்ததன் விளைவு அது. சோதனை முந்த வேண்டும், முடிவு பிந்த வேண்டும் என்பதை அக்கதையிலிருந்து கல் வணிகரும் கற்றுக்கொள்ளலாம்.

கண்ணும் பெயரும் ஏமாற்றும்

"எமக்குப் பல்லாண்டு அனுபவம் உண்டு, பார்த்தவுடன் சொல்லிவிடுவோம்" என்பார் உண்டு. அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நிறத்தை மட்டும் கொண்டு கல்லைத் தீர்மானிப்பது ஆபத்தானது. சிவப்புக் கல் என்றால் அது கெம்பாக இருக்கலாம், ஸ்பைனலாக இருக்கலாம், கார்னெட்டாக இருக்கலாம், டூர்மலினாக இருக்கலாம், வெறும் கண்ணாடியாகவும் இருக்கலாம்.

இதில் மன்னர்களே ஏமாந்துள்ளனர். பிரிட்டிஷ் மணிமுடியின் முன்புறத்தில் 'கறுப்பு இளவரசரின் ரூபி' எனப்படும் பெரிய சிவப்புக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. பல நூற்றாண்டுகள் கெம்பு என்றே போற்றப்பட்ட அக்கல் உண்மையில் ஸ்பைனல் ஆகும். மொகலாயப் பேரரசர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட 'தைமூர் ரூபி'யும் கெம்பன்று, அதுவும் ஸ்பைனலே. அரசவையில் கைதேர்ந்த மணி நோட்டக்காரர்கள் இல்லாமலா இருந்திருப்பர்?

பெயர்களும் நம்மைக் குழப்புகின்றன. 'புஷ்பராகம்' என்று அகராதியைப் பார்த்தால் டோபாஸ் என்று இருக்கும். கடையில் 'கனக புஷ்பராகம்' என்று கேட்டால் மஞ்சள் நிற நீலக்கல்லைத் தருவர். அதாவது நீலமும் கெம்பும் எந்த இனமோ அந்தக் குருந்த இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கல். வேறு சிலர் அதே பெயரில் மஞ்சள் படிகமாகிய சிட்ரினைத் தந்துவிடுவர். ஒரே பெயர், ஒரே நிறம், மூன்று வேறு கற்கள்! விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. குருந்தம் என்னும் நம் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்ற பெயர் பிறந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பெயரை உலகுக்குக் கொடுத்த நாம், பெயரால் ஏமாறலாகாது.

முன்னோர் வகுத்த வழி

கல்லைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. 973ஆம் ஆண்டு பிறந்த அறிஞர் அல்பிரூனி, இரத்தினங்களைப் பற்றி 'கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். அதில் 'யாகூத்' எனப்படும் குருந்தக் கற்களையும், பதக்ஷான் நாட்டிலிருந்து வந்த 'லஅல்' எனப்படும் சிவப்பு ஸ்பைனலையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறார். கல்லை நீரில் இட்டு, அது வெளியேற்றும் நீரை நிறுத்து, ஒவ்வொரு கல்லின் ஒப்படர்த்தியையும் கணக்கிட்டார். ஐரோப்பாவில் இவ்விரு கற்களும் வெவ்வேறு கனிமங்கள் என்று தெளிவாக வகுக்கப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆகும்.

ஒளி வளைவதைப் பற்றிய ஆய்விலும் அவ்வாறே. பக்தாதைச் சேர்ந்த இப்னு ஸஹ்ல் என்பவர் 984ஆம் ஆண்டு வாக்கில், ஒளியை எரிபுள்ளியில் குவிக்கும் வில்லைகளைப் பற்றி எழுதியபோது, ஒளிவிலகலின் விதியை வடிவியல் முறையில் கையாண்டார். அவருடைய கைப்பிரதியின் சிறப்பு 1990ஆம் ஆண்டையொட்டியே உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டது. அதே விதியை 1621ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு ஸ்நெல் கண்டறிந்தார். பாடநூல்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில், ஊகத்தை விட்டுச் சோதனையால் ஒளியை ஆராயும் முறையைக் காட்டினார். கல்லை அளந்த அல்பிரூனியின் கலையும், ஒளியை அளந்த இவர்களின் கலையும் பிற்காலத்தில் ஒன்று சேர்ந்ததே இன்று நாம் பேசும் முறை.

ஒளிவிலகல் எண் என்பது யாது?

நீர் நிறைந்த குவளையில் ஒரு கரண்டியைச் சாய்த்து வைத்தால், நீர்மட்டத்தில் அது முறிந்தது போலத் தோன்றுகிறது. நீருக்குள் தெரியும் மீன் உண்மையில் நாம் காணும் இடத்திற்குச் சற்று ஆழத்தில் இருக்கிறது என்பதை ஈட்டியால் மீன் குத்துவோர் அறிவர். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குச் சாய்வாகச் செல்லும்போது திசை மாறுவதே இதற்குக் காரணம். திசை மாறுவதற்குக் காரணம் அதன் வேகம் மாறுவது.

காற்றில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நீரில் அது சுமார் 2,25,000 ஆகவும், கெம்பில் சுமார் 1,70,000 ஆகவும், வைரத்தில் சுமார் 1,24,000 ஆகவும் குறைந்துவிடுகிறது. காற்றில் உள்ள வேகத்தைக் கல்லில் உள்ள வேகத்தால் வகுத்தால் கிடைப்பதே அக்கல்லின் ஒளிவிலகல் எண். நீருக்கு 1.33. வைரத்திற்கு 2.417. கல்லில் அடங்கியுள்ள தனிமங்களும் அவை அடுக்கப்பட்டுள்ள முறையுமே இந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. எனவே கல் சிறியதோ பெரியதோ, பட்டை தீட்டியவர் வல்லவரோ அல்லரோ, விற்பவர் பேச்சு இனிதோ கடிதோ, எதனாலும் அந்த எண் மாறுவதில்லை. இதனாலேயே அதனைச் சாட்சி என்று அழைக்கிறோம்.

கருவியும் செய்முறையும்

இந்த எண்ணை அளக்கும் கருவிக்கு ரிஃப்ராக்டோமீட்டர், அதாவது ஒளிவிலகல்மானி என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டி அது. அதன் மேற்புறத்தில் அடர்த்தி மிக்க கண்ணாடித் துண்டு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். கீழிருந்து வரும் ஒளி அக்கண்ணாடியைக் கடந்து கல்லைத் தொடும். சாய்வு குறைந்த கதிர்கள் கல்லினுள் புகுந்து போய்விடும். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிச் சாய்ந்த கதிர்கள் கல்லினுள் புகாமல் முழுமையாகத் திரும்பிவிடும். பள்ளிப் பாடத்தில் முழு அகப் பிரதிபலிப்பு என்று நம் பிள்ளைகள் படிப்பது இதுவே. திரும்பிய ஒளி, கருவியின் உள்ளே உள்ள அளவுகோலில் விழுகிறது. ஆகவே அளவுகோலின் ஒரு பகுதி வெளிச்சமாகவும் மறு பகுதி இருட்டாகவும் தெரியும். இருளும் ஒளியும் சந்திக்கும் எல்லைக்கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே கல்லின் ஒளிவிலகல் எண்.

செய்முறை எளிது, ஆயினும் பொறுமை வேண்டும். கல்லை மெல்லிய துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு நீக்க வேண்டும். கண்ணாடியின் நடுவில், இதற்கென உள்ள திரவத்தில் மிகச் சிறிய ஒரு துளி விட வேண்டும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நில்லாமல் இருப்பதற்கே இத்திரவம். கல்லின் மேல்புறத்துப் பெரிய பட்டை கீழே படும்படி வைக்க வேண்டும். கருவியின் கண்ணாடி மிருதுவானது. குறடு பட்டால் கீறிவிடும். ஆகவே கல்லை விரலால் மெல்ல நகர்த்துவதே முறை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் கோடு தெளிவாக விழும்; மூன்றாம் தசம இடம் வரை படிக்கலாம். திரவம் கடுமையான நெடி உடையது. முகராமல், தோலில் படாமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும்.

பட்டை இல்லாமல் உருண்டையாகத் தீட்டிய கற்களும் உண்டு. வைடூரியம் பெரும்பாலும் அவ்வாறே வரும். அவற்றைச் சிறு துளியின் மேல் வைத்து, கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒரு சிறு புள்ளி தெரியும். அப்புள்ளி பாதி இருண்டு பாதி ஒளிரும் இடத்தின் எண்ணைக் குறிக்க வேண்டும். இம்முறையில் இரண்டு தசம இடம் வரைதான் துல்லியம் கிடைக்கும். ஆயினும் உண்மையான வைடூரியமாகிய கிரைசோபெரில் 1.75 அளவில் நிற்கும். அதைப் போலவே பூனைக்கண் கோடு காட்டும் படிகக்கல் 1.54 அளவில் நிற்கும். இவ்வளவு இடைவெளிக்கு இரண்டு தசமம் போதும்.

இரண்டாம் கோடு

இதுவரை ஒரு கோட்டைப் பற்றிப் பேசினோம். பல கற்களில் ஒன்றல்ல, இரண்டு கோடுகள் தெரியும். 1669ஆம் ஆண்டு டென்மார்க் அறிஞர் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த கால்சைட் கல்லின் வழியே எழுத்தைப் பார்த்தபோது அது இரண்டாகத் தெரிவதைக் கண்டார். இதனை இரட்டை ஒளிவிலகல் என்பர். ஒளி அக்கல்லில் இரண்டாகப் பிரிந்து இரு வேறு வேகங்களில் செல்கிறது. கருவியில் கல்லைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்த்து, மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் வரும் வேறுபாடும் கல்லை அடையாளம் காட்டும் இன்னோர் எண்ணாகும்.

வணிகர்களின் வசதிக்காகச் சில அளவுகளை இங்கே தருகிறோம்:

கெம்பு, நீலம், கனக புஷ்பராகம் (குருந்தம்): 1.762 – 1.770, இரு கோடுகள், வேறுபாடு 0.008
ஸ்பைனல்: 1.718 அளவில், ஒரே கோடு
கோமேதகம் (ஹெஸ்ஸனைட்): 1.74 அளவில், ஒரே கோடு
வைடூரியம் (கிரைசோபெரில்): 1.746 – 1.755, இரு கோடுகள், வேறுபாடு 0.009
மரகதம்: 1.577 – 1.583 அளவில், இரு கோடுகள், வேறுபாடு 0.006
டோபாஸ்: 1.61க்கும் 1.64க்கும் இடையில்; இரு கோடுகள்
டூர்மலின்: 1.624 – 1.644, இரு கோடுகள், வேறுபாடு 0.020
படிகம், அமெதிஸ்ட், சிட்ரின்: 1.544 – 1.553, இரு கோடுகள், வேறுபாடு 0.009
கண்ணாடி: பெரும்பாலும் 1.47க்கும் 1.70க்கும் இடையில்; ஒரே கோடு

இப்போது அந்த மூன்று மஞ்சள் கற்களை எண்ணிப் பாருங்கள். பெயரைக் கேட்க வேண்டியதில்லை. 1.76 என்றால் குருந்தம், 1.62 அளவில் இரு கோடு என்றால் டோபாஸ், 1.54 என்றால் சிட்ரின். இரண்டு நிமிடத்தில் வழக்குத் தீர்ந்தது.

சிவப்புக் கற்களுக்கு வருவோம். சில கார்னெட் கற்கள் 1.76 அளவிலேயே நிற்கும். முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் அதைக் கெம்பு என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் கல்லைத் திருப்பும்போது கார்னெட்டில் ஒரே கோடு அசையாமல் நிற்கும். கெம்பில் இரு கோடுகள் பிரிந்து சேரும். கண்ணாடியும் அப்படித்தான். மரகதத்தின் எண் வருமாறு பச்சைக் கண்ணாடியை உருக்கி வார்க்க முடியும். ஆனால் இரண்டாம் கோட்டைக் கண்ணாடியால் காட்ட முடியாது.

இரட்டை ஒளிவிலகலைக் கவனித்த ஒருவருக்குக் கிடைத்த வெகுமதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1945ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சர்டு டாஃபே என்பவர், ஒரு நகைக்கடையிலிருந்து பழைய கற்களை வாங்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். அவற்றுள் வெளிர் ஊதா நிறக் கல் ஒன்று எல்லா வகையிலும் ஸ்பைனல் போலவே இருந்தது. ஆனால் உருப்பெருக்கியில் பார்த்தபோது அதன் அடிப்புறத்துக் கீறல்களும் தூசியும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஸ்பைனலில் அவ்வாறு தெரிய வழியில்லை. "ஏதோ கண் மயக்கம்" என்று அவர் விட்டுவிடவில்லை. லண்டன் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினார். உலகம் அதுவரை அறியாத புதிய கனிமம் அது என்று தெரியவந்தது. பட்டை தீட்டிய கல்லிலிருந்தே முதன்முதலில் கண்டறியப்பட்ட கனிமம் அதுவே. 'டாஃபைட்' என்று அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் அத்தகைய கற்கள் இலங்கையில் கிடைத்தன. அவருக்கு முன் எத்தனை கைகளில் அது ஸ்பைனல் என்ற பெயரில் மாறியிருக்குமோ!

கருவி இல்லாதபோது

கருவி இல்லாதவர்க்கும் இந்த அறிவு பயன்படும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கிராம்புத் தைலம் சிறிது ஊற்றி அதில் கல்லை இடலாம். தைலத்தின் ஒளிவிலகல் எண் 1.53 அளவினது. அதற்கு நெருங்கிய எண்ணுடைய கண்ணாடியும் படிகமும் அதில் விளிம்பு மங்கிக் கரைந்தாற்போலத் தோன்றும். கெம்பும் நீலமும் விளிம்பு தெளிந்து எடுப்பாக நிற்கும். இது திட்டமான முடிவன்று. எச்சரிக்கை மணி மட்டுமே. முத்து, பவளம், பேரோஜா போன்று எண்ணெயை உறிஞ்சக்கூடியவற்றை ஒருபோதும் அதில் இடலாகாது.

எண் எதைச் சொல்லாது?

ஒரு கருவி கிடைத்துவிட்டது, இனி ஏமாற மாட்டோம் என்று எண்ணுபவரே எளிதில் ஏமாறுவார். ஆகவே இப்பகுதியைச் சிறப்பாகக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக, இக்கருவியின் அளவு 1.81 அளவோடு முடிந்துவிடுகிறது. வைரமும், வைரம் போல் மின்னும் கியூபிக் சிர்கோனியாவும் (2.15 அளவு), சிர்கான் கல்லும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுக்கு வேறு சோதனைகள் தேவை. வைரத்தைச் சோதிக்க வெப்பம் கடத்தும் திறனை அளக்கும் கருவியைப் பயன்படுத்துவர். ஆனால் 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்த மாய்சனைட் என்னும் செயற்கைக் கல் அக்கருவியையும் ஏமாற்றியது. அதனைக் காட்டிக்கொடுத்தது இரட்டை ஒளிவிலகலே. வைரத்தில் ஒளி பிரியாது. மாய்சனைட்டைப் பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் பின்புறப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டையாகத் தெரியும்.

இரண்டாவதாக, ஒட்டுக் கற்கள். மேலே கார்னெட்டின் மெல்லிய தகடு, கீழே நிறக் கண்ணாடி என்று உருக்கி ஒட்டிய கற்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சந்தையில் உலவுகின்றன. மேல்பட்டையை மட்டும் கருவியில் வைத்தால் அது கார்னெட்டின் எண்ணைச் சொல்லும். இயற்கை நீலத் தகட்டின் கீழே செயற்கைக் கல்லை ஒட்டுவதும் உண்டு. ஆகவே இடைவிளிம்பை லென்ஸால் சுற்றிப் பார்க்க வேண்டும். இயன்றால் அடிப்பட்டையையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக, செயற்கைக் கற்கள். 1902ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய், அலுமினா பொடியைச் சுடரில் உருக்கிக் கெம்பு வளர்க்கும் முறையை அறிவித்தார். அக்கல் கண்ணாடியன்று, உண்மையிலேயே குருந்தம். எனவே ஒளிவிலகல் எண்ணும் 1.762 – 1.770 என்றே வரும். மண்ணில் விளைந்ததா உலையில் விளைந்ததா என்பதை அந்த எண் சொல்லாது. உருப்பெருக்கியில் தெரியும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் வாயுக் குமிழிகளும்தான் சொல்லும். நம் திருச்சிப் பகுதியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலால் பல குடும்பங்கள் பிழைத்துள்ளன. செயற்கைக் கல்லைச் செயற்கை என்று சொல்லி விற்பது நேர்மையான தொழில். இயற்கை என்று சொல்லி விற்பதே குற்றம்.

நான்காவதாக, பதப்படுத்திய கற்கள். இலங்கையில் 'கெவுட' என்று அழைக்கப்படும் பால் நிறக் குருந்தக் கற்கள் ஒரு காலத்தில் மதிப்பற்றவையாகக் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று கடும் வெப்பத்தில் சுட்டு நல்ல நீலமாக்கி விற்றனர். சூடேற்றிய பின்னும் எண் மாறுவதில்லை. 2004ஆம் ஆண்டு வாக்கில் வேறொரு வகை பரவியது. வெடிப்புகள் நிறைந்த தரக்குறைவான கெம்பில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி, தெளிந்த கல் போல ஆக்கினார்கள். கருவியில் வைத்தால் கெம்பின் எண்ணே வரும். ஆனால் ஆசாரி நகையில் பதித்துச் சூடு காட்டும்போதோ, துப்புரவு அமிலத்தில் இடும்போதோ அக்கண்ணாடி சிதைந்து கல் பாழாகிவிடும். சிலசமயம் எலுமிச்சைச் சாறு போன்ற எளிய அமிலமே போதும். லென்ஸில் பார்க்கும்போது வெடிப்புகளில் நீல, ஆரஞ்சு மினுமினுப்பும் குமிழிகளும் தெரிந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.

ஆக, ஒளிவிலகல் எண் சொல்லும் செய்தி ஒன்றே: இது இன்ன கல். எங்கே விளைந்தது, யார் ஆக்கியது, என்ன செய்யப்பட்டது என்னும் மூன்று கேள்விகளுக்கு அது மௌனம் சாதிக்கிறது. அவற்றுக்கு உருப்பெருக்கியும் ஆய்வுக்கூடமும் ஓரளவு விடை சொல்லும். அவை எட்டாத இடத்தில் விற்பவரின் நாணயம் ஒன்றே சாட்சி. பொருளில் உள்ள அய்பை வாங்குபவரிடம் மறைக்கலாகாது என்பது நமக்குச் சிறு வயதிலேயே போதிக்கப்பட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க எண்ணம் மட்டும் போதாது; தாம் விற்பது இன்னதென்று அறிந்திருக்கவும் வேண்டும். அறியாதவர் அய்பை எவ்வாறு எடுத்துச் சொல்வார்?

நாம் செய்ய வேண்டியவை

இறுதியாக நம் ஜமாஅத்தின் சிந்தனைக்குச் சிலவற்றை வைக்கிறோம்.

ஒன்று: கல் வாங்குபவர் எவராயினும், பணம் தருவதற்கு முன் சோதனை செய்துகொள்ளட்டும். விற்பவர் உறவினரே ஆயினும் சோதனை கேட்பது அவமரியாதை ஆகாது. சோதிக்கக் கேட்டதற்காகச் சினம் கொள்பவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.

இரண்டு: விற்பனைச் சீட்டில் 'கெம்பு ஒன்று' என்று மட்டும் எழுதாமல், இனம், எடை, இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா, நிரப்பியதா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும் பழக்கமுடைய நாம், கல்லுக்கும் அதைச் செய்வதில் என்ன தடை?

மூன்று: விலையுயர்ந்த கல்லாயின், விற்பவரோ வாங்குபவரோ அல்லாத ஆய்வுக்கூடம் ஒன்றின் சான்றிதழைப் பெற வேண்டும். சான்றிதழில் உள்ள அளவும் எடையும் கையிலுள்ள கல்லுக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்கு: இத்தொழிலுக்குச் செல்லும் இளைஞர்கள் பேரம் பேசக் கற்பதற்கு முன் அளக்கக் கற்கட்டும். ஒரு பத்து மடங்கு லென்ஸ், ஓர் ஒளிவிலகல்மானி, ஒரு மஞ்சள் விளக்கு இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். ஒருவர் தனியே வாங்குவது கடினமெனில், நம் ஜமாஅத் நூலகத்தில் ஒரு தொகுதி வாங்கி வைத்து, தேர்ந்த வணிகர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை நேரம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம். பெண் பிள்ளைகளும் இதனைக் கற்கலாம். நகை வாங்கும் முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில்தானே இருக்கிறது. பள்ளியில் படித்த ஒளிவிலகல் பாடத்தைத் தம் தந்தையின் கடையில் தம் கண்ணாலேயே கண்டால், அந்தப் பிள்ளைக்கு அறிவியலிலும் ஆர்வம் பிறக்கும், தொழிலிலும் பிடிப்பு உண்டாகும்.

நம் முன்னோர் காகிதப் பொட்டலத்தையும் வாய்ச்சொல்லையும் கொண்டு கடல் கடந்து வணிகம் செய்தனர். அவர்களின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. இன்று உலைகளும் வேதிப்பொருள்களும் பெருகி, கண்ணால் பிரித்தறிய முடியாத கற்கள் சந்தையை நிறைத்துள்ளன. இக்காலத்தில் அந்தச் சொல்லின் மதிப்பைக் காக்க வேண்டுமானால், சொல்வதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். அளந்து பார்த்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் நம் வணிகர் கையிலிருந்து வரும் கல்லை எவரும் ஐயமின்றி வாங்குவர்.